கடைசியா வர்றவரை யார் பாக்குறது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில எங்க மோட்டார் ரூம் பக்கமா இருபது சைக்கிள் வரிசையா போச்சு. முன்னால போனவர் கையை இறக்கி ரோட்டுக் குழியைக் காட்ட, பின்னால வந்தவங்களும் ஒருத்தருக்கொருத்தர் அதே மாதிரி காட்டிக்கிட்டே போனாங்க. பார்க்க அழகா இருந்துச்சு.

ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தம்பி தனியா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தார். பஞ்சர். வச்சிருந்த ஒரே மாத்து ட்யூபும் போயிருச்சாம். தண்ணி குடுத்துட்டு, "கூட வந்தவங்க நிக்கலையா தம்பி?"ன்னு கேட்டேன். "காலையிலதாங்கண்ணா அவங்களையே பார்த்தேன். இதுல அவங்கவங்க வண்டிக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. அதான் ரூல்"னார்.

அந்த ரூல் எப்படி வந்துச்சுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன்.

1870, 80களில் இங்கிலாந்தில் சைக்கிள் சங்கங்கள் பட்டாளம் மாதிரி போயிருக்கு. முன்னால ஒரு கேப்டன், பின்னால ஒரு துணைக் கேப்டன், எக்காளம் ஊத ஒரு ஆள். ஏறு, இறங்கு, ஒத்தை வரிசையில வா, எல்லாத்துக்கும் ஒவ்வொரு ஊதல். கேப்டனை யாரும் முந்தக்கூடாது. அன்னைக்கு ஓட்டினது முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கிற வண்டி. திடீர்னு நின்னா தலைகுப்புற விழவேண்டியதுதான். அதனால சைகை முன்கூட்டியே வரணும். முன்னேர் போன வழியில பின்னேர்னு நாம சொல்றது அப்படியே பொருந்தும்.

1897 ஜூன் 12ஆம் தேதி, இத்தாலியில் 12 பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்திலேயே கடக்கக் கிளம்பினார்கள். அதிலிருந்து வந்த பேர்தான் 'ஆடாக்ஸ்'. லத்தீனில் துணிச்சல்காரர்னு அர்த்தம். 1904இல், டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி டெக்ரான்ஜ் இதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். கேப்டன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அந்த முறை இன்னைக்கும் இருக்கு, மணிக்கு 22.5 கிலோமீட்டர். சேர்ந்து கிளம்பி, சேர்ந்து போய்ச் சேரணும்.

1921இல் பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்துக்கும் டெக்ரான்ஜுக்கும் பிணக்கு. பிரிந்துபோன சங்கம், அவரவர் வேகத்தில் ஓட்டும் பயணங்களை ஆரம்பித்தது. வழியில் அங்கங்கே அட்டையில் முத்திரை வாங்கணும், நேரத்துக்குள்ள முடிக்கணும், அவ்வளவுதான். 1931இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1200 கிலோமீட்டர் பயணம் ரெண்டு முறையிலும் நடந்தது. உலகம் முழுக்கப் பரவினது இந்த இரண்டாவது முறைதான். இன்னைக்கு நம்ம பக்கம் நடக்கிற 200 கிலோமீட்டர் 'பிரெவெ'யும் இதுதான். பதிமூன்றரை மணி நேரம் கெடு.

கேப்டன் போயிட்டார். ஆனா அவர் பார்த்த வேலை போகலையே? ஒருத்தர் பின்னால ஒட்டிப் போனா காத்து அடிக்கிறது குறையும், மிதிக்கிறது லேசா இருக்கும். அதனால தெரியாதவங்களும் தானா கூட்டம் சேர்றாங்க. சேர்ந்ததும் கேப்டன் வேலையைப் பங்கு போட்டாகணும். முன்பின் தெரியாதவர் பின்னால ஒட்டுமுன்னே ஒரு வார்த்தை கேக்கணும். முன்னால இருக்கிறவர் சட்டுனு பிரேக் போடக்கூடாது. குழியைக் கையால காட்டணும். முன்வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்துல நம்ம முன்சக்கரத்தை நுழைக்கக்கூடாது. உரசினா விழறது பின்னால வர்றவர்தான். காத்தை மறிக்கிற முறையை மாத்தி மாத்தி எடுத்துக்கணும். எக்காளம் செஞ்ச வேலையை இப்ப கை செய்யுது.

பின்னால வந்த துணைக் கேப்டன் வேலை மட்டும் யாருக்கும் பங்கு பிரியலை. கடைசி ஆளைப் பார்க்கணும்னு எந்த ரூலும் கட்டாயப்படுத்தலை. உதவக்கூடாதுன்னும் எந்த ரூலும் சொல்லலை. கூட ஓட்டுறவர் கை கொடுக்கலாம்.

அந்தத் தம்பி உக்காந்திருக்கும்போதே, இன்னும் பின்தங்கி ஒரு பெரியவர் மெதுவா மிதிச்சுக்கிட்டு வந்தார். அவருக்கும் தம்பியைத் தெரியாது. சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து தன்னோட ட்யூபை எடுத்துக் குடுத்தார். "உங்களுக்கு நேரம் போகுதே சார்"னார் தம்பி. "போனா போகட்டும், முதல்ல காத்தை அடி"ன்னுட்டார்.

பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் ஒண்ணாக் கிளம்பினாங்க. பெரியவர் முன்னால, தம்பி பின்னால.