நுண்படமும் ஆவணப் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

எந்தப் பயிற்சி வகுப்பும் ஒரு படிவத்தோடுதான் முடிகிறது. விரிவுரைகள் பயனுடையனவாக இருந்தனவா, செய்முறைக்குப் போதிய நேரம் கிடைத்ததா, தங்குமிடமும் உணவும் எவ்வாறு இருந்தன என்னும் வினாக்களுக்கு எதிரே ‘மிக நன்று’, ‘நன்று’, ‘சுமார்’ என மூன்று கட்டங்கள் இருக்கும். பதிவறை எழுத்தனாகப் பணியாற்றிய காலத்தில், நுண்படம் எடுத்தலும் ஆவண மேலாண்மையும் குறித்த ஒரு பயிற்சிக்கு நானும் அனுப்பப்பட்டேன். கடைசி நாள் மாலை, ஊர் திரும்பும் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில், எல்லா வினாக்களுக்கும் ‘மிக நன்று’ என்று குறியிட்டுக் கொடுத்தேன். அக்குறி எவ்வளவு மெய் என்பது பல்லாண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கவிஞர்கள் கூடும் அவையில் பதிவறைக்கு என்ன வேலை என்று நம் வட்டத்து அன்பர்கள் வினவக்கூடும். எழுதப்பட்டது நிலைபெற எழுதியவர் ஆற்றல் மட்டும் போதாது. படியெடுத்தவர் கையும் செம்மையாக இருத்தல் வேண்டும். இது தமிழ் இலக்கிய வரலாறு நமக்குத் தந்த பாடம். அந்தக் கைக்குத் தரப்படும் பயிற்சியை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

படியெடுத்தோர் மரபு

பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டுகளே. கறையானும் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அதனை மேலும் குறைக்கும். எனவே நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவதைத் தொடர் கடமையாகக் கொண்டிருந்தனர். சங்கப் பாடல்கள் நம்மை வந்தடைந்தது இத்தொடர் அறாமையால்தான். தொடர் அறுந்த இடங்களில் நூல்கள் பெயரளவில் எஞ்சின.

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, சுவடிகள் நைந்து அழியும் நிலையைப் பதிப்புரையில் நெஞ்சுருக எழுதினார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்; 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பில் வந்தன. ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டு அவர் கண்ட பாடவேறுபாடுகள், ஏடெழுதியவர்களின் திறத்திற்கும் தவற்றுக்கும் ஒருங்கே சான்றாகும். ஓரெழுத்துப் பிறழ்ந்தால் பொருள் பிறழும். ஒரு வரி விடுபட்டால் பிற சுவடி கிடைத்தாலன்றி அது மீளாது. ஏடெழுதியவரைத் திண்ணைப் பள்ளி ஆசிரியர் சோதித்தது ஒரு சோதனை. மற்றொரு சோதனையை நூற்றாண்டுகள் கழித்து வந்த பதிப்பாசிரியர் செய்தார்.

நுண்படத்தின் வரவு

மைக்ரோபிலிம் எனப்படும் நுண்படம் இப்பழைய பணியின் புதிய கருவியே. ஒளிப்படக் கலை தோன்றிய 1839-ஆம் ஆண்டிலேயே மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் பெஞ்சமின் டான்சர் எழுத்துக்களை மிகச் சிறிய அளவில் படமாக்கிக் காட்டினார். 1859-இல் பாரிஸின் ரெனே டாக்ரான் நுண்படத்திற்குக் காப்புரிமை பெற்றார். அன்று அது நகைகளுக்குள் வைத்துப் பார்க்கும் விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது.

1870–71-இல் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டபோது நிலைமை மாறிற்று. டாக்ரான் பலூனில் ஏறி நகரைவிட்டு வெளியேறி, மக்கள் அனுப்பிய செய்திகளை மெல்லிய படலங்களில் சுருக்கிப் பதித்தார். அவை சிறு குழலில் இடப்பட்டுப் புறாவின் வாலிறகில் கட்டி அனுப்பப்பட்டன. பாரிஸை அடைந்ததும் ஒளிவிளக்கால் திரையில் பெரிதாக்கி, எழுத்தர்கள் அமர்ந்து பார்த்தெழுதி உரியவர்க்கு அனுப்பினர். நுண்படத்திற்கும் ஏடெழுதுவோரைப் போன்ற கை வேண்டியிருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1920களில் நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் மெக்கார்த்தி, காசோலைகளைப் படமெடுத்து வைக்கும் பொறியை அமைத்தார். 1928-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் அதனை ஏற்று வணிகமாக்கியது. 1935-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு 35 மில்லிமீட்டர் சுருளில் வெளிவரலாயிற்று. 1938-இல் யூஜின் பவர், ஆன் ஆர்பர் நகரில் நூல்களை நுண்படமாக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சுக்கு அஞ்சி, இங்கிலாந்தின் கையெழுத்துச் சுவடிகள் பல நுண்படமாக்கப்பெற்று அமெரிக்கா சென்றன. ஒரே பிரதி ஓரிடத்தில் இருப்பதன் தீங்கை அறிவுடையோர் உணர்ந்திருந்தனர்.

அத்தீங்கை நாம் வேறொரு வகையில் அறிவோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது, அச்சுவடிகள் மீளவில்லை.

பயிற்சியின் வரலாறு

பழைய ஆவணங்களைப் படிக்கவும் ஒழுங்குசெய்யவும் தனிக்கல்வி வேண்டுமென முதலில் உணர்ந்தவர்களுள் பிரெஞ்சு நாட்டார் குறிப்பிடத்தக்கவர்கள். பாரிஸின் எகோல் தே ஷார்த் என்னும் கல்விக்கூடம் 1821-இல் நிறுவப்பெற்றது. இந்தியாவில் 1891-இல் கல்கத்தாவில் தோன்றிய ஆவணத் துறை, விடுதலைக்குப் பின் தேசிய ஆவணக் காப்பகமாயிற்று. அங்கு 1940களின் தொடக்கத்தில் ஆவணப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. பின்னாளில் அதன் பயிற்சிப் பள்ளி, ஓராண்டுப் பட்டயப் படிப்புடன், ஆவண மேலாண்மை, படியெடுப்பியல், ஏடு செப்பனிடல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்தலாயிற்று. 1979-இல் யுனெஸ்கோ நிறுவனமும் ஆவணங்கள், காப்பகங்கள் ஆகியவற்றின் மேலாண்மைக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் செந்நிறக் கட்டடம் 1909-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே ஆய்வு செய்த அன்பர்கள், கட்டுக்கட்டாக அடுக்கப்பட்ட பழங்கோப்புகளைக் கண்டிருப்பர். ஆனால் காப்பகத்தை அடையும் கோப்புகள் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவற்றின் விதி அலுவலகப் பதிவறையிலேயே முடிவாகிவிடுகிறது. சென்னை மாகாணத்தில் வழங்கிய டாட்டன்ஹாம் முறைப்படி, முடிந்த கோப்பு ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிலையானது என வகைப்படுத்தப்படும். கோப்பின் முகப்பில் எழுத்தர் இடும் ஒரு குறியே அதன் ஆயுளைக் குறிக்கும் சாதகக் குறிப்பு.

ஆவண மேலாண்மை என்பது பெரும்பகுதி நீக்கும் கலையே. எல்லாவற்றையும் வைத்திருக்க இடமில்லை. இடமிருந்தாலும் தேடி எடுக்க இயலாது. எனவே எதனை விடலாம் என்று துணிபவர் எதனை விடலாகாது என்று அறிந்திருத்தல் வேண்டும். நடுவண் அரசின் பொது ஆவணங்கள் சட்டம் 1993, ஒவ்வோர் அலுவலகத்திலும் ஆவண அலுவலர் ஒருவரை அமர்த்தப் பணிக்கிறது. 1892-க்கு முற்பட்ட ஆவணத்தை, பயன்படுத்தவே இயலாதவாறு சிதைந்தாலன்றி, அழிக்கலாகாது என்றும் விதிக்கிறது. நல்ல சட்டமே. ஆயினும் அட்டையில்லாத ஒரு பழங்கட்டைக் கையில் எடுத்து, அதன் காலம் எது என்று அறியும் கண் எழுத்தருக்கு இல்லையேல், சட்டம் புத்தகத்தோடு நின்றுவிடும்.

சுருள் சொல்லும் சான்று

நுண்படப் பயிற்சியில் கற்பிக்கப்படுவன வெளிப்பார்வைக்கு எளியவை. படமெடுக்கும் முன் நூலைப் பக்கம் பக்கமாக எண்ணிச் சரிபார்த்தல். விடுபட்ட பக்கத்தையும் கிழிந்த பக்கத்தையும் பட்டியலிடல். அக்குறைகளை அறிவிக்கும் அட்டையை உரிய இடத்தில் வைத்துப் படமெடுத்தல். எழுத்தின் தெளிவை அளக்கும் சோதனை அட்டையைச் சுருளில் பதித்தல். கழுவியபின் படத்தில் இரசாயனம் எஞ்சியுள்ளதா என ஆய்தல். இறுதியில் சுருள் முழுவதையும் மூலத்தோடு ஒப்பிடல். மூலச் சுருளை எவரும் தொடாமல் குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்து, அதிலிருந்து மறுபடியும், மறுபடியிலிருந்து வாசகர்க்கான படியும் எடுப்பர்.

இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அன்றே தெரியாது என்பதுதான் இத்தொழிலின் இடர். 1948-இல் அறிமுகமான அசிடேட் வகைப் படச்சுருள் பாதுகாப்பானது என நம்பப்பட்டது. பத்தாண்டுக்குள் அது கெடுவதாக ஈஸ்ட்மன் கோடாக்கிற்கு வந்த முதல் முறையீடு இந்திய அரசினுடையது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் சுருளைச் சிதைத்துப் புளிக்காடி நாற்றம் வீசச் செய்தன. பின்னர் வந்த பாலியெஸ்டர் சுருள், முறைப்படி கழுவிப் பேணினால் 500 ஆண்டுகள் நிற்குமென மதிப்பிடப்படுகிறது. ‘முறைப்படி’ என்னும் அச்சொல்லில்தான் பயிற்சி அடங்கியிருக்கிறது.

இம்முறை தமிழுக்குப் பயன்பட்டதற்கு நற்சான்று ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த விளம்பரப் பலகை ஓவியர் ரோஜா முத்தையா, தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆயினும் அதனைக் கடல் கடத்தாமல், 1994-இல் மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையிலேயே நூலகமாக்கியது. முகப்பேரில் தொடங்கிப் பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்த அந்நூலகம், பன்னாட்டுத் தரத்தில் தமிழ் நூல்களை நுண்படமாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல்களை இன்று நாம் தெளிவாகப் படிக்க முடிகிறதெனில், பக்கங்களைப் பொறுமையாக எண்ணிய, பெயர் தெரியாத பணியாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மதிப்பீட்டின் நான்கு படிகள்

பயிற்சியை மதிப்பிடும் முறையை 1959 முதல் எழுதிய கட்டுரைகளில் வகுத்தவர் அமெரிக்க அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக். அவர் நான்கு படிகளைக் கூறினார். பயின்றவர் மனநிறைவு முதலாவது; அவர் கற்ற அறிவு இரண்டாவது; பணியிடத்தில் அவர் நடத்தையில் நேர்ந்த மாற்றம் மூன்றாவது; அதனால் நிறுவனத்திற்கு விளைந்த பயன் நான்காவது. பெரும்பாலான மதிப்பீடுகள் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. நான் குறியிட்ட படிவமும் அத்தகையதே.

இனி, முன்னர்ச் சொல்லாது விட்டதைச் சொல்கிறேன். பயிற்சி முடிந்து திரும்பியபின், அலுவலகத்திலிருந்த ஒரு பழைய மாத இதழின் தொகுதிகளை நுண்படமாக்கும் பணி எங்களிடம் வந்தது. ஒரு நாளைக்கு இத்தனை படங்கள் என்று கணக்கு. கணக்கு நிறைந்ததா என்று மேலிடம் கேட்டது. பக்கங்கள் நிறைந்தனவா என்று எவரும் கேட்கவில்லை. பணி முடிந்ததும் மூலத் தொகுதிகள் எடைக்குப் போடப்பட்டன. பல்லாண்டுகள் கழித்து ஆய்வு மாணவி ஒருவர் ஒரு கவிதையைத் தேடி வந்தார். 38-ஆம் பக்கம் என்று பொருளடக்கம் காட்டியது. சுருளைச் சுழற்றினோம். 37-ஆம் பக்கத்தை அடுத்து 40 வந்தது. ஒட்டியிருந்த இரு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறோம். சுருளின் முகப்பில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என் கையொப்பம் இருந்தது. அம்மாணவி பொருளடக்கத்திலிருந்து கவிஞரின் பெயரையும் கவிதைத் தலைப்பையும் மட்டும் எழுதிக்கொண்டு விடைபெற்றார். அக்கவிதையை இன்றுவரை வேறெங்கும் நான் காணவில்லை.

பயிற்சியின் இறுதித் தேர்வில் நான் நல்ல மதிப்பெண் பெற்றவன். பக்கம் எண்ணுதல் பற்றிய வினாவுக்கும் சரியாகவே விடை எழுதியிருந்தேன். முதலிரண்டு படிகளில் தேறி மூன்றாவதில் வீழ்ந்தேன். அவ்வீழ்ச்சியில் அலுவலகக் கணக்கிற்கும் பங்குண்டு. ஐயம் எழுந்தபோது பொறியை நிறுத்தும் உரிமையைப் பணியாளருக்கு வழங்காத இடத்தில், எத்துணைச் சிறந்த பயிற்சியும் பயன் தராது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001-இல் வெளியிட்ட ‘டபிள் ஃபோல்டு’ என்னும் நூல், நுண்படமெடுத்தபின் மூல நாளேடுகளைக் கழித்துவிட்ட பெருநூலகங்களைக் கடுமையாகச் சாடியது. பக்கங்கள் விடுபட்ட, எழுத்து மங்கிய சுருள்கள் மட்டுமே எஞ்சியதை அவர் எடுத்துக்காட்டினார். 1999-இல் தம் சேமிப்பைச் செலவிட்டு, பிரிட்டிஷ் நூலகம் கழித்த அமெரிக்க நாளேடுகளை வாங்கிக் காத்தார். 2004-இல் அவை டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அரை நூற்றாண்டு கழித்து ஒரு வாசகர் செய்த நான்காம் படி மதிப்பீடு என்று இதனைக் கொள்ளலாம்.

நம் வட்டம்

இன்று கணினிப் படிமம் நுண்படத்தின் இடத்தைப் பெரிதும் பெற்றுவிட்டது. எனினும் சுருளைப் படிக்க ஒளியும் உருப்பெருக்கியும் போதும். கணினிக் கோப்புக்கு அதற்குரிய பொறியும் மென்பொருளும் காலந்தோறும் வேண்டும். எக்கருவியாயினும் பக்கத்தை எண்ணுதல், குறையை மறைக்காது எழுதிவைத்தல், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படி வைத்தல் என்னும் மூன்றும் மாறுவதில்லை.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் எத்தனையோ கவிதைகள் அரங்கேறியுள்ளன. அவற்றுள் அச்சேறியவை சில. எஞ்சியவை அன்பர்களின் குறிப்பேடுகளிலும் அழைப்பிதழ்களின் பின்புறங்களிலும் ஒலிநாடாக்களிலும் இருக்கின்றன. நிகழ்ச்சிப் பதிவேடு எவர் வீட்டில் உள்ளது என்று கேட்டால் உடன் விடை கூற நம்மில் பலரால் இயலாது. எனவே இம்மலரின் வாயிலாக ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, கைவசமுள்ள பழைய அழைப்பிதழ், குறிப்பேடு, ஒலிநாடா எதுவாயினும் எடுத்து வருக. முதலில் அவற்றை எண்ணிப் பட்டியலிடுவோம். எந்தக் கூட்டத்திற்குச் சான்று இல்லையோ, அதனையும் ‘இல்லை’ என்றே எழுதி வைப்போம். எண்ணும் பொறுப்பை நான் ஏற்கிறேன். என் கணக்கைச் சரிபார்க்க மற்றொருவர் உடனிருத்தல் வேண்டும்.