பருந்து மலை: ஓர் இலையுதிர்காலக் கணக்கெடுப்பின் வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெர்க்ஸ், ஸ்கூல்கில் என்னும் இரண்டு கவுண்டிகள் அடுத்தடுத்து உள்ளன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு. வயல்களும் காடுகளும் சிற்றூர்களும் நிறைந்த இவ்விரு கவுண்டிகளின் எல்லையில், கிட்டாடினி என்ற நீண்ட மலைத்தொடரின் மீது பருந்து மலை (ஹாக் மவுண்டன்) அமைந்துள்ளது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் தன்னார்வலர்கள் இங்குள்ள பாறைகளில் அமர்ந்து, தெற்கு நோக்கி வலசை போகும் பருந்துகளையும் கழுகுகளையும் எண்ணுகிறார்கள். 1934இல் தொடங்கிய இக்கணக்கெடுப்பு, கொன்றுண்ணிப் பறவைகளின் வலசையைப் பதிவு செய்யும் உலகின் மிகப் பழமையான தொடர் கணக்கெடுப்பாகக் கருதப்படுகிறது.

பறவைகள் இவ்வழியே வருவது ஏன்?

கிட்டாடினித் தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. இலையுதிர்காலத்தில் வீசும் வடமேற்குக் காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுகிறது. அந்த மேலெழும் காற்றில் இறக்கையை விரித்தாலே போதும், பறவை அதிகம் சிறகடிக்காமல் பல கிலோமீட்டர் மிதந்து செல்லலாம். நீண்ட பயணம் போகும் பறவைக்கு உடலில் உள்ள கொழுப்பே கைச்செலவுப் பணம். அதைச் சிக்கனப்படுத்தவே அவை மலைமுகட்டை ஒட்டிப் பறக்கின்றன. செப்டம்பர் நடுவில் வரும் அகன்ற சிறகுப் பருந்துகள், வெயிலில் சூடாகி எழும் காற்றுத் தூண்களிலும் வட்டமிட்டு உயர்கின்றன. அப்போது ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் அவற்றைக் காணலாம்.

துப்பாக்கிகளின் காலம்

பறவைகள் தாழ்வாகவும் வரிசையாகவும் வந்த இந்த வழியே அவற்றுக்கு எமனாகவும் ஆயிற்று. கோழிகளையும் வேட்டைக்குரிய பறவைகளையும் தின்னும் கேடான உயிர்கள் என்றே அக்காலத்தில் பருந்துகளைப் பலரும் நினைத்தனர். 1929இல் பென்சில்வேனியா அரசு, கோஷாக் என்னும் பெரிய வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசு என்று அறிவித்தது. அதே ஆண்டில் பெரும் பொருளாதார மந்தமும் தொடங்கியது. வேலையிழந்தவர்களுக்கு 5 டாலர் சிறிய தொகையன்று. கோஷாக்கை மற்ற இனங்களிலிருந்து பிரித்தறியத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே கண்ணில் பட்ட எல்லாப் பறவைகளும் சுடப்பட்டன. பலர் பொழுதுபோக்குக்காகவே மலையேறிச் சுட்டனர்.

1932இல் ரிச்சர்ட் பவ் என்னும் இளைஞர் அங்கு சென்றார். காட்டுத்தரையில் கிடந்த செத்த பறவைகளைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார். நியூயார்க்கில் அந்தப் படங்களைக் கண்டவர்களுள் ரோசலி எட்ஜ் (1877–1962) ஒருவர். பெண்களின் வாக்குரிமைக்காக முன்பு உழைத்தவர். பறவைப் பாதுகாப்பு அமைப்புகளே மெத்தனமாக இருப்பதாகக் கடுமையாக விமர்சித்து வந்தவர். பிறர் செய்வார்கள் என்று காத்திருந்து பயனில்லை எனக் கண்ட அவர், 1934இல் அம்மலையில் சுமார் 1,400 ஏக்கர் நிலத்தை, பின்னர் விலைக்கு வாங்கும் உரிமையுடன் குத்தகைக்கு எடுத்தார். 1938இல் அந்நிலம் நிரந்தரச் சரணாலயமாக ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

காவலுக்கு வந்தவர் கணக்கெடுத்தார்

சரணாலயத்தின் முதல் காவலராக மாரிஸ் பிரௌன் என்ற இளம் பறவையியலாளர் தம் மனைவி இர்மாவுடன் வந்தார். வேட்டைக்காரர்களைத் தடுப்பதே அவர்களின் முதல் பணி. அறிவிப்புப் பலகைகளை நட்டதும், சினத்தோடு வந்தவர்களைப் பேசித் திருப்பி அனுப்பியதும் முதல் பருவத்தின் கதை. இர்மா நுழைவாயிலில் நின்று வருவோரை எதிர்கொண்டார். மாரிஸ் மேலே பாறையில் அமர்ந்து, கடந்து செல்லும் பறவைகளை இனவாரியாகக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பேடே இன்றைய கணக்கெடுப்பின் முதல் ஏடு.

முதல் ஆண்டுகளிலேயே அந்தக் குறிப்பேடு ஒரு வியப்பைத் தந்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பொன்னிறக் கழுகு மிக அரிது என்று கருதப்பட்டு வந்தது. அது ஆண்டுதோறும் இம்மலை வழியே செல்வதைப் பிரௌனின் பதிவுகள் காட்டின. இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படைப் பணிக்குச் சென்றதால் 1943 முதல் 1945 வரை கணக்கெடுப்பு தடைப்பட்டது. திரும்பி வந்ததும் அதைத் தொடர்ந்தார்.

எண்கள் சாட்சி சொன்ன கதை

பிரௌன் எத்தனை கழுகுகள் என்பதோடு நிற்கவில்லை. எத்தனை முதிர்ந்தவை, எத்தனை இளையவை என்றும் பிரித்தெழுதினார். வெண்தலைக் கழுகுக்கு முழு வெண்தலை வர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். எனவே தலையின் நிறத்தைப் பார்த்தே இளையதை அறியலாம். இந்தச் சிறு பழக்கமே பின்னாளில் பெரும் பயன் தந்தது.

1935–39 ஆண்டுகளில் எண்ணப்பட்ட வெண்தலைக் கழுகுகளில் 40 விழுக்காடு இளையவை. 1955–59இல் அது 20 விழுக்காடாகக் குறைந்தது. 1957இல் மட்டும் 32 முதிர்ந்த கழுகுகளுக்கு ஒன்றே ஒன்றுதான் இளையது. பெரிய கழுகுகள் இன்னும் வானில் தெரிந்தன. ஆனால் குஞ்சுகள் வரவில்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஆபத்து இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

உயிரியலாளர் ரேச்சல் கார்சன் இந்த எண்களைப் பிரௌனிடமிருந்து பெற்று, 1962இல் வெளியான ‘மௌன வசந்தம்’ நூலில் சான்றாக வைத்தார். புளோரிடாவில் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டு வந்த சார்லஸ் புரோலியின் பதிவுகளும் அதில் இடம்பெற்றன. அவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். 1947 முதல் கூடுகளில் குஞ்சுகள் குறைவதை அவர் நேரில் கண்டிருந்தார். டிடிடி பூச்சிக்கொல்லி உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் முட்டையோட்டை மெலியச் செய்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் நிறுவின. 1972இல் அமெரிக்கா டிடிடியின் வேளாண் பயன்பாட்டைத் தடை செய்தது. வெண்தலைக் கழுகு மெல்ல மீண்டது. 2007இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. ரோசலி எட்ஜ் இதைக் காணவில்லை. கார்சனின் நூல் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

இன்று எண்ணும் முறை

ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை, மழையோ மூடுபனியோ தடுக்காத எல்லா நாள்களிலும் வடக்கு நோக்குமேட்டில் எண்ணுபவர்கள் இருப்பார்கள். பணியாளர்களுடன் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் முறைவைத்து வருகின்றனர். தொலைவில் தெரியும் குன்றுகளுக்கு எண்கள் இட்டிருக்கிறார்கள். ஒருவர் குன்றின் எண்ணைச் சொன்னதும் மற்றவர்களின் பைனாகுலர்கள் அப்பக்கம் திரும்புகின்றன. மணிக்கு ஒருமுறை பறவைகளின் எண்ணிக்கையோடு காற்றின் திசை, வெப்பநிலை, மேகமூட்டம் ஆகியவற்றையும் எழுதுகிறார்கள். ஒரு பருவத்தில் சராசரியாக 18,000 பறவைகள் வரை பதிவாகின்றன.

பறவையே வராத மணி நேரத்திற்கும் ‘0’ என்று எழுத வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டில் வராத மாணவனின் பெயருக்கு எதிரே குறி இடாமல் விட்டால் மாதக் கணக்கு தவறிவிடும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்பது தெரிந்தால்தான் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட முடியும்.

இக்கணக்கின் எல்லை

இது பறவைகளின் முழு மக்கள்தொகைக் கணக்கன்று. காற்று மாறினால் பறவைகள் வேறு வழியில் போகலாம். குளிர்காலம் மிதமாக இருந்தால் சில இனங்கள் வடக்கிலேயே தங்கிவிடலாம். ஓர் ஆண்டின் குறைவைக் கண்டு அச்சப்படுவதும், ஓர் ஆண்டின் கூடுதலைக் கண்டு மகிழ்வதும் சரியாகா. பல ஆண்டுப் போக்கையே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, அமெரிக்க கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு குறைந்து வருவது இன்று கவலை தருகிறது. அதற்கான காரணத்தை ஆய்வாளர்கள் இன்னும் தேடி வருகின்றனர்.

1934இல் முதல் வரியை எழுதியபோது பிரௌனுக்கு டிடிடி என்ற பெயரே தெரிந்திருக்க வழியில்லை. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றல் கண்டறியப்பட்டதே 1939இல்தான். கேள்வி எழுந்தபோது விடை குறிப்பேட்டில் ஏற்கெனவே இருந்தது. நச்சு பரவிய பிறகு எண்ணத் தொடங்கியிருந்தால், முன்பு எத்தனை குஞ்சுகள் இருந்தன என்று சொல்ல இங்கு எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.