தெமூர் என்னும் இரும்பு

தைமூர் என்ற பெயரைக் கேட்டவுடன், 1398-ஆம் ஆண்டில் தில்லி மாநகரைச் சூறையாடி, எண்ணிறந்த மக்களை வாளுக்கு இரையாக்கிய படையெடுப்பே, பள்ளியில் இந்திய சரித்திரம் பயின்றார் நினைவில் முதற்கண் எழும். ஒரு மனிதனுடைய செய்கைகள் ஒரு சொல்லின்மேல் இத்துணைக் கனமாகப் படிந்துவிட்டமையால், அச்சொல்லுக்கு அவன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நெடிய வாழ்வு இருந்ததென்பதும், அவ்வாழ்வு கொல்லன் உலைக்களத்தை ஒட்டியதென்பதும் நம் கண்ணுக்கு மறைந்துபோயின.

துருக்கிய மொழிகளில் தெமூர் அல்லது தெமிர் என்பதற்கு இரும்பு என்பதே பொருள். கஸாக்கியரும் கிர்கிஸியரும் இன்றும் இரும்பைத் தெமிர் என்கின்றனர். சைபீரியாவில் வாழும் யாகூத்தியர் திமிர் என்பர். துருக்கி நாட்டார் முதலெழுத்தை மெலித்து ஒலிப்பர். பாரசீக லிபியில் இப்பெயரை எழுதுங்கால் தகரத்தின் பின் 'யா' என்னும் எழுத்து வரும். அது ஈகாரத்துக்கும் ஐகாரத்துக்கும் பொதுவாய் நிற்பதாதலின், சிலர் தீமூர் என்றும் வேறு சிலர் தைமூர் என்றும் வாசித்தனர். நமக்கு வந்து சேர்ந்தது பிந்திய வடிவம்.

இப்பெயருக்கு வேறொரு காரணம் கற்பிக்கும் கதையும் உண்டு. தைமூரே எழுதிய சுயசரிதம் என்று சொல்லிக்கொண்டு, 17-ஆம் நூற்றாண்டில் மொகலாயர் காலத்தில் வெளிப்பட்ட பாரசீக நூல் ஒன்று, குழந்தையைத் தந்தை ஒரு ஞானியிடம் எடுத்துச் சென்றபோது, குர்ஆனின் 67-ஆம் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்த அவர், 'நடுங்கும்' என்னும் பொருளுடைய 'தமூரு' என்ற அரபுச் சொல்லில் நிறுத்தி, அதையே பெயராக இட்டார் என்று கூறுகிறது. கேட்க இனிய கதைதான். ஆயினும் ஆராய்ச்சிக்கு நில்லாது. தைமூர் பிறந்ததாகச் சொல்லப்படும் 1336-ஆம் ஆண்டுக்கு முன்னரே, குப்ளாய் கானின் பேரன் ஒருவன் தெமூர் என்ற பெயருடன் சீனத்தில் சக்கரவர்த்தியாக வீற்றிருந்து 1307-இல் மறைந்தான். அதற்கும் மிக முந்தி, மங்கோலியாவின் ஓர்கான் பள்ளத்தாக்கில் 732-ஆம் ஆண்டில் இளவரசன் குல் தெகின் நினைவாக நாட்டப்பெற்ற கல்வெட்டு, சமர்க்கந்துக்குத் தெற்கேயுள்ள கணவாய் ஒன்றைத் 'தெமிர் கபிக்', அதாவது இரும்பு வாயில், என்று குறிக்கின்றது. ஆகவே இது துருக்கியரின் சொந்தச் சொல்லே என்பதில் ஐயமில்லை.

இரும்பை ஏன் மகனுக்குப் பெயராக்கினர்? விடை அவர்தம் சரித்திரத்தில் இருக்கிறது. அல்தாய் மலைச்சாரலில் வாழ்ந்த ஆதித் துருக்கியர், ரூரான் என்னும் வல்லரசுக்கு அடங்கி இரும்பு உருக்கிக் கொடுத்தவர்கள். அவர்கள் தலைவன் பூமின் பெண் கேட்டபோது, ரூரான் அரசன், 'நீங்கள் எமக்குக் கொல்லு வேலை செய்யும் அடிமைகள் அல்லரோ' என்று இகழ்ந்ததாகச் சீன நூல்கள் கூறும். 552-இல் பூமின் அவ்வரசனைத் தோற்கடித்துப் புதிய பேரரசு நிறுவினான். சில ஆண்டுகளுக்குப் பின் பிசாந்தியச் சக்கரவர்த்தியின் தூதனாகிய செமார்க்கஸ் அந்நாட்டு எல்லையை அடைந்தபோது, துருக்கியர் சிலர் எதிர்வந்து அவனிடம் இரும்பை விலை கூறினர். தம் நாட்டில் இரும்பு விளைகிறது என்பதை அயலான் அறியவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. எந்தத் தொழிலைக் காட்டிப் பகைவன் இகழ்ந்தானோ, அந்தத் தொழிலின் பொருளையே நீட்டித் தம் மேன்மையை அறிவித்த அக்காட்சி நெஞ்சை உருக்குவது.

11-ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிக்கு அகராதி செய்த காஷ்கர் நகரத்து மஹ்மூத், மற்றோர் அரிய வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். கிர்கிஸியர், கிப்சாக்கியர் முதலியோர் சத்தியம் செய்யுங்கால், உருவிய வாளை முன்னே குறுக்காக வைத்து, சொல் தவறினால் இந்த நீல இரும்பு என் உடலிற் புகுந்து செந்நிறமாய் வெளிவரட்டும் என்று ஆணையிடுவராம். அவர்களுக்கு இரும்பு வெறும் உலோகமன்று. வாக்குக்குச் சாட்சியாய் நின்று, பொய்த்தவனைத் தண்டிக்கும் தெய்வத் தன்மை வாய்ந்த பொருள். அத்தகைய பொருளின் பெயரைத் தொட்டிற் பிள்ளைக்கு இட்ட தாய் தந்தையர், அவன் நோய்க்கும் பகைக்கும் வளையாமல், சொன்ன சொல்லில் உறுதியாய் வாழவேண்டும் என்று விழைந்தனர். எஃகு என்னும் பொருள்தரும் போலாத் என்ற பெயரும், இரும்புக்கல் எனப் பொருள்படும் தெமூர்தாஷ் என்ற பெயரும் இதே விழைவின் விளைவுகள்.

பிற்காலத்தில் இப்பெயர் நற்செயலோடும் சேர்ந்து வழங்கிற்று. ருஷிய ஆசிரியர் அர்க்காதி கைதார் 1940-இல் எழுதிய கதையின் நாயகனாகிய தீமூர் என்னும் சிறுவன், போருக்குச் சென்ற வீரர்தம் குடும்பங்களுக்கு யாருமறியாமல் உதவி செய்கிறான். அவனைப் பின்பற்றி ருஷியச் சிறுவர் பலர் அவ்வாறே தொண்டு செய்யப் புறப்பட்டனர். இச்சொல் ஊர்ப்பெயரிலும் வாழ்கிறது: கஸாக்ஸ்தானில் 'இரும்பு மலை' என்னும் பொருளுடைய தெமிர்தாவ் நகரில் எஃகு உலைகள் எரிகின்றன.

பெயர் தாங்கியவன் ஒருவன் செய்த கொடுமைக்காகப் பெயரைப் பழிப்பது முறையன்று. சரித்திர நூலில் தைமூர் என்ற பெயரை அடுத்தமுறை காணுங்கால், தில்லியின் துயரத்தை மறவாமலே, உலையின்முன் நின்று இரும்பைக் காய்ச்சிய அல்தாய் மலைக் கொல்லரையும் அன்பர்கள் நினைவுகூர வேண்டும்; இப்பெயர் முதன்முதல் அவர்களுக்கே உரியது.