ஒரு ஜாடியின் இரு கதைகள்

போர்களையும் அரண்மனைகளையும் வரலாறென்று படித்துப் பழகிய நாம், வாசலில் நிற்கும் ஒரு பூச்சாடியிடம் அதைத் தேடுவதில்லை. தென் பிரான்சின் ஆந்தூஸ் ஜாடி அப்படித் தேடத் தக்க ஒன்று.

செவென் மலைகளின் வாயிலில், கார்தோன் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஆந்தூஸ். கவிழ்த்த மணி போன்ற உடல், அதைத் தாங்கும் குறுகிய பாதம், தோளைச் சுற்றித் தொங்கும் மலர்மாலைகள், நடுவே ஒரு முத்திரை: இவ்வளவே அந்த ஜாடியின் இலக்கணம். மாலைகளைத் தனியே அச்சில் எடுத்து ஈரமண்ணில் ஒட்டுவார்கள். வெண்களிமண் பூச்சின் மேல் மெருகேறும். செம்பு பச்சையைத் தரும், மாங்கனீசு பழுப்பைத் தரும். சூளையில் இவை தேன்நிற மஞ்சளின் மீது உருகி வழிந்து கோலமிடும். ஒரு ஜாடியைப்போல் இன்னொன்று அமைவதில்லை.

இதன் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் கதை அழகானது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புவாசே என்னும் குயவர், ரோன் நதிக்கரையிலுள்ள போக்கேர் நகரின் பெருஞ்சந்தைக்குப் போனார். அங்கே இத்தாலியிலிருந்து வந்த மெதீச்சி பாணி ஜாடிகளைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பித் தம் மண்ணில் அதை வனைந்தார். பதினான்காம் லூயியின் வெர்சாய் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்களைத் தாங்கி நின்றவையும் இவையே என்று கதை நீள்கிறது.

ஆனால், ஆண்டு பொறித்துக் கிடைத்திருக்கும் பழைய ஜாடிகள் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. வெர்சாயின் ஆரஞ்சு மரங்களோ மரப்பெட்டிகளில் வளர்ந்ததற்காகவே பெயர் பெற்றவை. அந்தப் பெட்டிக்கே வெர்சாய் பெட்டி என்று பெயர். கதையைப் பொய்யென்று தள்ளிவிட நமக்கு மனம் வருவதில்லை. எனினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: இந்த ஜாடி மதிப்புப் பெற ஓர் அரசனின் தோட்டம் ஏன் தேவைப்பட்டது?

ஆந்தூஸின் மெய்யான வரலாறு அரசர்களுக்கு எதிரானது. அது சீர்திருத்தக் கிறித்தவர்களின் கோட்டையாக விளங்கிய ஊர். 1629இல் ஆலேஸ் உடன்பாட்டுக்குப் பின் அதன் மதில்கள் இடிக்கப்பட்டன. 1320இல் எழுந்த மணிக்கூண்டு மட்டும் தப்பியது. 1685இல் நாந்து ஆணையைத் திரும்பப் பெற்று அம்மக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்தவன் அதே பதினான்காம் லூயிதான். 1702இல் செவென் மலைமக்கள் அவனுக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஒடுக்கிய அரசனின் பெயரையே ஒடுக்கப்பட்ட ஊரின் கைவினைக்கு நற்சான்றாகச் சூட்டியிருக்கிறது பிற்காலச் சந்தை. இதைவிடக் கசப்பான முரண் உண்டோ?

இன்று இந்த ஜாடிகள் பல நாடுகளிலும் வாசல்களின் இருமருங்கும் இணையிணையாக நிற்கின்றன. எலுமிச்சையும் அரளியும் அவற்றில் வளர்கின்றன. புதிய ஜாடிகளுக்கே பழமையின் தேய்வையும் கறையையும் செயற்கையாக ஏற்றி விற்கிறார்கள். வாங்குவோர் விரும்புவது மண்ணையா, வயதின் தோற்றத்தையா என்று ஐயம் எழுகிறது.

எனினும் பழைய ஜாடியொன்றைக் காண நேர்ந்தால் அதன் நடு முத்திரையைப் பார்ப்போம். பலவற்றில் அங்கே அரசனின் பெயர் இல்லை. வனைந்த குடும்பத்தின் பெயரும், சில வேளை ஆண்டும் இருக்கின்றன. களிமண் ஈரமாக இருந்தபோது பதிந்த பெயர், சூளைத் தீயையும் குளிர்காலங்களையும் கடந்து நிற்கிறது. கதை யாருடையதாயினும், கையெழுத்து குயவருடையது.