கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்தது யார்? உதவியாளராக வந்து மும்பையின் முகத்தை மாற்றிய ஸ்காட்லாந்துக்காரர்!

அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைக் கட்டியது யார்? இந்தக் கேள்விக்கு, முதலாம் ராஜேந்திர சோழன்னு பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட டக்குனு பதில் சொல்லிடுவாங்க. பெரம்பலூர் பக்கம் ரஞ்சன்குடி கோட்டையைக் கேட்டால் நவாப் காலத்துக் கோட்டை என்பார்கள். ஆனால் அளவு போட்டு, வடிவம் கொடுத்து, கல்லை நிறுத்தியவர் யார் என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவுக்கும் இதே நிலைமைதான். லட்சக்கணக்கான பேர் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். அதை வடிவமைத்தவர் பெயர் ஜார்ஜ் விட்டெட். நம்ம ஊரில் அதிகம் கேள்விப்படாத இந்த மனிதர், இந்தியாவுக்கு வந்தது ஒரு உதவியாளராக!

யார் இந்த ஜார்ஜ் விட்டெட்?

ஸ்காட்லாந்தின் பிளேர் அதோல் என்ற ஊரில் 1878-ல் பிறந்தவர். பெர்த் நகரில் ஒரு கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகினார். பிறகு எடின்பரோ, யார்க் நகரங்களில் வேலை பார்த்தார். 1904-ல் பம்பாய்க்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 25.

பம்பாய் மாகாண அரசின் கன்சல்டிங் ஆர்க்கிடெக்ட்டாக அப்போது இருந்தவர் ஜான் பெக். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார் விட்டெட்.

உதவியாளருக்கு என்ன வேலை?

ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தலைமை ஆர்க்கிடெக்ட் முடிவு செய்வார். அந்த எண்ணத்தைத் தாளில் அளவோடு கொண்டு வருவது, ஜன்னல், வளைவு, தூண் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபடம் போடுவது, கட்டும் இடத்துக்குப் போய் சரிபார்ப்பது போன்ற வேலைகள் உதவியாளர் தலையில் வந்து விழும். கட்டடம் எழும்பிய பிறகு வெளியே தெரிவது பெரும்பாலும் தலைமை ஆர்க்கிடெக்ட் பெயர் மட்டும்தான்.

விட்டெட் வந்த அதே 1904-ல் பம்பாய் பொது அஞ்சல் நிலையத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1913-ல் முடிந்தது. இன்றைக்கும் அது ஜான் பெக் கட்டடம் என்றே அறியப்படுகிறது.

இந்தோ-சாரசெனிக் என்றால் என்ன?

இந்தியக் கோயில், மசூதி, அரண்மனைகளின் குவிமாடம், வளைவு, ஜாலி வேலைப்பாடுகளை எடுத்து ஐரோப்பியக் கட்டட அமைப்போடு சேர்ப்பதுதான் இந்தோ-சாரசெனிக் பாணி. அரியலூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்குபவர்கள் பார்க்கும் அந்தச் சிவப்பு, வெள்ளைக் கட்டடம் இந்த வகைதான். சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித்தான்.

மும்பையில் இந்தப் பாணியை வளர்த்தவர்கள் பெக்கும் விட்டெட்டும். பெக் பின்னர் இந்திய அரசின் கன்சல்டிங் ஆர்க்கிடெக்ட்டாக உயர்ந்தார். அவர் விட்டுச்சென்ற பம்பாய் பதவி விட்டெட்டுக்குக் கிடைத்தது. உதவியாளர் தலைமை இடத்துக்கு வந்தார்.

திருப்புமுனையான 1909

வேல்ஸ் இளவரசர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் கட்ட 1905-ல் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. அதன் வடிவமைப்புக்கு 1909-ல் போட்டி நடந்தது. தேர்வானது விட்டெட்டின் வரைபடம். பீஜப்பூர் கோல் கும்பாஸை நினைவூட்டும் பெரிய குவிமாடம், குர்லா, மாலாட் பகுதிக் கற்கள் என்று உள்ளூர்த் தன்மையோடு எழுந்தது அந்தக் கட்டடம்.

1914-ல் வேலை முடிந்தது. ஆனால் முதல் உலகப் போர் வந்துவிட்டதால் அது ராணுவ மருத்துவமனையாகப் பயன்பட்டது. அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது 1922-ல்தான். இன்றைய பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா.

அரசர் பார்த்தது அட்டை கேட்வே!

1911 டிசம்பர் 2-ம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் அரசரும் மேரி அரசியும் பம்பாயில் வந்திறங்கினார்கள். அந்த வருகையின் நினைவாகத்தான் கேட்வே கட்டப்பட்டது. ஆனால் அரசர் வந்தபோது அங்கே இருந்தது அட்டையில் செய்த மாதிரி மட்டும்தான்.

1913-ல் அடிக்கல், 1914-ல் விட்டெட் வடிவமைப்புக்கு ஒப்புதல். பிறகு கடலோரத்தை நிரப்பி நிலமாக்கவே சில வருடங்கள் போயின. 16-ம் நூற்றாண்டு குஜராத் கட்டடக் கலையின் சாயலில், சுமார் 26 மீட்டர் உயரத்தில் எழுந்த கேட்வேயை 1924 டிசம்பர் 4-ம் தேதி வைஸ்ராய் ரீடிங் பிரபு திறந்து வைத்தார். செலவு சுமார் 21 லட்சம் ரூபாய்.

கேட்வேக்கு நேராக ஒரு அகலமான சாலை போடும் திட்டமும் இருந்தது. பணம் இல்லாததால் அது கைவிடப்பட்டது. அதனால்தான் சாலையிலிருந்து பார்த்தால் கேட்வே கொஞ்சம் கோணலாக நிற்பது போலத் தெரியும்.

அரசரை வரவேற்கக் கட்டிய அதே வாசல் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28-ம் தேதி கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு வெளியேறியது. அதைப் பார்க்க விட்டெட் உயிரோடு இல்லை.

விட்டெட்டின் மற்ற கட்டடங்கள்

* இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ், மும்பை
* கவாஸ்ஜி ஜஹாங்கீர் ஹால் (இப்போது தேசிய நவீன கலைக்கூடம்), மும்பை
* டாடா குழுமத்தின் தலைமையகமான பாம்பே ஹவுஸ், மும்பை
* துறைமுகக் கழகத் தலைமையகம், கராச்சி (இன்றைய பாகிஸ்தான்)

47 வயதில் முடிந்த வாழ்க்கை

1917-ல், பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் கட்டடக் கலை படித்த முன்னாள் மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் விட்டெட். இன்றைய இந்தியக் கட்டடக் கலைஞர்கள் நிறுவனம் வளர்ந்தது அதிலிருந்துதான். 1919-ல் அரசு வேலையை விட்டுவிட்டு டாடாவின் பொறியியல் நிறுவனத்துக்குப் போனார். 1926-ல் கடுமையான வயிற்றுப்போக்கால் மும்பையிலேயே இறந்தார். சேவ்ரி கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 22 வருடங்களுக்கு முன் உதவியாளராக வந்து இறங்கிய அதே ஊர்!

கல்வெட்டில் யார் பெயர்?

கேட்வேயின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. அதில் அரசர், அரசி பெயரும் அவர்கள் வந்திறங்கிய தேதியும் உண்டு. வரைந்தவர் பெயர் கிடையாது. விட்டெட் பெயருக்கே அங்கே இடமில்லை என்றால், அவருக்குக் கீழே வேலை பார்த்த இந்திய வரைவாளர்கள், கல்தச்சர்கள் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த விஷயத்தில் முதலாம் ராஜராஜன் ஒரு படி மேல். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் பெயர்களும் இருக்கின்றன. கேட்வே திறப்பதற்கு 900 வருடங்களுக்கு முன்பே, உதவியாளர்கள் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!