வதந்தி பொய், கோபம் பொய்யா?

1935 மார்ச் 19. நியூயார்க் நகரில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ஹார்லெம் பகுதி. 125ஆவது தெருவில் இருந்த ஒரு பெரிய கடையில் லினோ ரிவேரா என்ற 16 வயதுச் சிறுவன் ஒரு பேனாக்கத்தியைத் திருடியபோது பிடிபட்டான். பிடித்த ஊழியரின் கையைக் கடித்துவிட்டான். போலீஸ் வந்தது. விஷயம் பெரிதாக வேண்டாம் என்று அவனைப் பின்வழியாக வெளியே அனுப்பிவிட்டார்கள். கடிபட்டவருக்குச் சிகிச்சை தர ஆம்புலன்ஸ் ஒன்று வந்து, யாரையும் ஏற்றாமல் திரும்பிப் போனது. போதாக்குறைக்கு, அந்த நேரம் பார்த்து ஒரு சவ வண்டியும் பக்கத்தில் வந்து நின்றது.

இது போதாதா? "பையனை அடித்தே கொன்றுவிட்டார்கள்" என்ற செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. அன்று இரவு ஹார்லெம் எரிந்தது. நூற்றுக்கணக்கான கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. மூன்று பேர் இறந்தார்கள்.

ரிவேராவோ நலமாக இருந்தான்! அவன் உயிரோடிருப்பதை நிரூபிக்க, ஒரு கறுப்பினக் காவல் அதிகாரியின் பக்கத்தில் அவனை நிறுத்திப் படம் எடுத்து வெளியிட்டார்கள். ஒரு வதந்தியால் ஒரு நகரமே பற்றி எரிந்தது, அவ்வளவுதான் என்று இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த இரவின் கலவரத்தில் லாய்ட் ஹாப்ஸ் என்ற இன்னொரு 16 வயதுச் சிறுவன், தன் சகோதரனோடு சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டான். சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனான். சுட்டவர் மீது வழக்கு எதுவும் வரவில்லை. செத்ததாகச் சொல்லப்பட்ட பையன் உயிரோடிருந்தான். யாரும் பேசாத இன்னொரு பையன் உண்மையிலேயே செத்துப்போனான்.

அமெரிக்காவில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, நிறப் பிரிவினை, மக்கள் கோபம் ஆகியவற்றின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த முரண்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. கலவரத்தைக் கிளப்பிய செய்தி பல நேரங்களில் தவறாக இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை மக்கள் ஏன் உடனே நம்பினார்கள் என்ற கேள்விக்கான பதில் தவறாக இருப்பதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மேயர் மறைத்த அறிக்கை

1935 கலவரத்துக்குப் பிறகு மேயர் லா கார்டியா ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். கறுப்பின சமூகவியல் அறிஞர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் அதன் ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்தார். பொதுமக்கள் மேடையேறிச் சாட்சி சொன்னார்கள். வேலையில் பாகுபாடு, நெரிசலான வீடுகளுக்கு அதிக வாடகை, மோசமான மருத்துவமனை, போலீஸாரின் அடாவடி என்று பட்டியல் நீண்டது. சதிகாரர்கள் தூண்டிவிட்டதால் கலவரம் வரவில்லை, நெடுநாள் சேர்ந்த ஆத்திரம்தான் வெடித்தது என்றது குழு.

மேயர் அந்த அறிக்கையை வெளியிடவே இல்லை. 1936இல் ஆம்ஸ்டர்டாம் நியூஸ் என்ற ஹார்லெம் பத்திரிகைதான் அதை அச்சிட்டு மக்களிடம் சேர்த்தது.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1943 ஆகஸ்ட் 1. அதே ஹார்லெம், அதே மேயர். ஒரு ஓட்டலில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் போலீஸ்காரர் கைது செய்ய, ராபர்ட் பேண்டி என்ற கறுப்பின ராணுவ வீரர் குறுக்கே வந்தார். கைகலப்பில் போலீஸ்காரர் அவரைச் சுட்டார். காயம் உயிருக்கு ஆபத்தானதல்ல. ஆனால் "ராணுவ வீரரைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டது" என்று செய்தி பரவியது. இந்த முறை ஆறு பேர் இறந்தார்கள்.

எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினுக்கு அப்போது 19 வயது. அவருடைய தந்தையின் உடலை இடுகாட்டுக்குக் கொண்டு போன வண்டி, உடைந்த கண்ணாடித் துண்டுகள் இறைந்து கிடந்த தெருக்கள் வழியாகத்தான் போனது. பின்னாளில் இதைப் பற்றி எழுதியபோது, வதந்தி உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை, தங்கள் மனதில் ஏற்கெனவே இருந்த அச்சத்துக்கும் வெறுப்புக்கும் அது பொருந்தியதால் ஏற்றுக்கொண்டார்கள் என்ற பொருளில் சொன்னார். கறுப்பின வீரர்கள் ஒருபுறம் ஹிட்லரை எதிர்த்துப் போரிட, மறுபுறம் உள்நாட்டுப் பயிற்சி முகாம்களில் அவமதிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. "ராணுவ வீரர்", "போலீஸ்" என்ற இரண்டு சொற்கள் போதுமானதாக இருந்தன.

1967: வதந்தி இரண்டு பக்கமும் உண்டு

1960களில் சட்டங்கள் மாறின. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். ஆனால் முதல் சட்டம் கையெழுத்தாகி இரண்டு வாரத்தில், ஜேம்ஸ் பாவெல் என்ற 15 வயது மாணவன் பணியில் இல்லாத போலீஸ் அதிகாரி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட, ஹார்லெமில் மீண்டும் கலவரம் வந்தது. இரண்டாவது சட்டம் கையெழுத்தான ஐந்தாவது நாள், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வாகனச் சோதனை கலவரமாக மாறி 34 உயிர்களைப் பறித்தது. வாக்குச் சீட்டு கைக்கு வந்தும் தெருமுனையில் நிற்கும் போலீஸ்காரர் மாறவில்லை.

1967 கோடையில் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் கலவரம். நுவார்க்கில் ஒரு டாக்சி ஓட்டுநரைப் போலீஸார் அடித்து இழுத்துச் சென்றார்கள். அவர் இறந்துவிட்டதாக வதந்தி. அவர் இறக்கவில்லை, ஆனால் அடிவாங்கியது உண்மை. அங்கே 26 பேர் இறந்தார்கள். டெட்ராய்ட்டில் 43 பேர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது.

ஜனாதிபதி ஜான்சன், இல்லினாய் கவர்னர் ஓட்டோ கெர்னர் தலைமையில் 11 பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தார். 1968இல் வந்த கெர்னர் அறிக்கையை இன்று படித்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. தேசம் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு சமமற்ற சமுதாயங்களாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று அது எச்சரித்தது. மக்களின் குறைகளில் முதல் வரிசையில் வந்தவை போலீஸாரின் நடத்தை, வேலையின்மை, வீட்டு வசதியின்மை ஆகிய மூன்றும். தாங்கள் நெருக்கமாக ஆராய்ந்த கலவரங்களில் ஏறக்குறைய பாதியில், கடைசித் தீப்பொறி ஒரு போலீஸ் நடவடிக்கைதான் என்றும் சொன்னது.

வதந்தியைப் பற்றியும் அந்த அறிக்கை பேசுகிறது. ஆராய்ந்த கலவரங்களில் 65 சதவீதத்துக்கும் மேல் வதந்திகள் நிலைமையை மோசமாக்கியிருந்தன. ஆனால் நண்பர்களே, வதந்தியை நம்பியது தெருவில் நின்ற மக்கள் மட்டுமல்ல! மொட்டை மாடிகளில் ஒளிந்திருந்து சுடுபவர்கள் எங்கும் இருப்பதாகப் போலீஸாரும் தேசியக் காவற்படையினரும் நம்பினார்கள். அந்தச் செய்திகள் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை, கேட்ட துப்பாக்கிச் சத்தத்தில் பெரும்பகுதி காவற்படையினருடையதே என்று ஆணையம் கண்டறிந்தது. டெட்ராய்ட்டில் ஒரு வீட்டில் சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைத் துப்பாக்கி வெளிச்சமென்று நினைத்துச் சுட்டதில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. அந்த நகரின் சேதம் 50 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு கணக்குப் பார்த்தபோது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏழைகள் நம்பினால் அதன் பெயர் வதந்தி. அரசு நம்பினால் அதன் பெயர் தகவல்! நான்கு வயதுக் குழந்தையின் உயிரை எடுத்ததும் ஒரு வதந்திதானே?

கெர்னர் அறிக்கை புத்தகக் கடைகளில் லட்சக்கணக்கில் விற்றது. ஜான்சனோ அதைப் பாராமுகமாக ஒதுக்கிவிட்டார். வெளியான ஐந்து வாரங்களில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட, நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் மறுபடியும் எரிந்தன.

ஃபெர்குசன்: ஒரே நாளில் இரண்டு அறிக்கைகள்

2014 ஆகஸ்ட் 9. மிசூரி மாநிலத்தில் அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த ஃபெர்குசன் என்ற சிற்றூர். மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் ஒரு வெள்ளைக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் சுமார் நான்கு மணி நேரம் நடுத்தெருவில் கிடந்தது. கைகளைத் தூக்கிச் சரணடைந்தவரைச் சுட்டார்கள் என்று செய்தி பரவ, கைகளை உயர்த்திக் காட்டுவது நாடு முழுவதும் போராட்டச் சின்னமாக ஆனது. நவம்பரில், காவலர் மீது வழக்குத் தொடரத் தேவையில்லை என்று கிராண்ட் ஜூரி முடிவு செய்ய, ஊர் எரிந்தது.

2015 மார்ச் 4 அன்று மத்திய நீதித்துறை இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. முதல் அறிக்கை: கைகளைத் தூக்கிச் சரணடைந்தார் என்ற சாட்சியங்கள் தடயங்களோடு பொருந்தவில்லை, காவலர் மீது வழக்குத் தொடர ஆதாரம் போதாது. இரண்டாவது அறிக்கை அந்த ஊர்ப் போலீஸைப் பற்றியது. மக்கள்தொகையில் 67 சதவீதம் கறுப்பினத்தவர். ஆனால் நிறுத்திச் சோதிக்கப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 சதவீதம் அவர்கள், கைதானவர்களில் 93 சதவீதம் அவர்கள். 54 காவலர்களில் கறுப்பினத்தவர் நான்கே பேர். 2013ஆம் ஆண்டில் மட்டும் ஊர் நீதிமன்றம் 9,000க்கும் மேல் கைது வாரண்டுகளைப் பிறப்பித்திருந்தது.

காரணம் பணம். நகராட்சி தன் வருமானத்துக்கு அபராதத்தை நம்பியிருந்தது. அறிக்கையில் வரும் ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். 2007இல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கு 151 டாலரும் கட்டணங்களும் விதித்தார்கள். வறுமையால் தவணை தவறினார். அதற்குத் தனி அபராதம், வாரண்ட், ஆறு நாள் சிறை. 2014 இறுதிக்குள் 550 டாலர் கட்டிவிட்டார். இன்னும் 541 டாலர் பாக்கி! இன்னொருவர் கூடைப்பந்து விளையாடிவிட்டு நிறுத்தியிருந்த தன் காரில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். அவர் மேல் எட்டுக் குற்றச்சாட்டுகள். அதிலொன்று, தன் பெயரைச் சுருக்கிச் சொன்னதால் "பொய்த் தகவல் தந்தார்" என்பது. மற்றொன்று, நின்ற காரில் சீட் பெல்ட் போடவில்லை என்பது. அந்த வழக்குகளால் அவர் வேலையை இழந்தார்.

இரண்டு அறிக்கைகளில் எது உண்மை? இரண்டுமே உண்மை. போலீஸை ஆதரிப்பவர்கள் முதல் அறிக்கையை மட்டும் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஃபெர்குசன் புரியும். ஏழு ஆண்டுகளாக ஒரு பார்க்கிங் அபராதத்தோடு போராடும் மனிதரிடம் "போலீஸ் சரணடைந்த பையனைச் சுட்டது" என்று சொன்னால், அவர் ஆதாரம் கேட்பாரா?

அரசு சொன்ன பொய்கள்

அரசுத் தரப்பு எப்போதும் உண்மையே பேசியிருந்தால், மக்கள் வதந்தியை நம்பியது அவர்கள் குற்றம் என்று சொல்லலாம். ஆனால் அப்படியும் இல்லை. 2014 அக்டோபரில் சிகாகோவில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுச் சிறுவன் 16 குண்டுகளுக்குப் பலியானான். கத்தியோடு தாக்க வந்தான் என்றது போலீஸ் தரப்பு. குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் இழப்பீடும் தரப்பட்டது. ஆனால் காணொளி வெளிவரவில்லை. 13 மாதம் கழித்து நீதிமன்ற உத்தரவால் வந்தபோது, அவன் விலகி நடந்துகொண்டிருந்ததை உலகம் பார்த்தது. சுட்டவர் குற்றவாளி என்று 2018இல் தீர்ப்பானது.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் காவலர் ஒருவர் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். போலீஸின் முதல் அறிக்கை அவர் உடல்நலக் கோளாறால் இறந்ததாகத்தான் சொன்னது. முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 17 வயதுப் பெண் ஒருவர் தன் செல்போனில் பிடித்த படம் இல்லாவிட்டால், அந்த அறிக்கையே வரலாறாக நின்றிருக்கும். 2021இல் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது.

முடிவாக

கலவரத்தை நியாயப்படுத்துவது என் நோக்கமல்ல. எரிந்த கடைகள் பெரும்பாலும் அந்த ஏழைகள் வாழ்ந்த தெருக்களின் கடைகள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. டெட்ராய்ட்டில் கலவரம் தொடங்கிய 12ஆவது தெரு அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பொய்ச் செய்தியைப் பரப்புவதும் குற்றமே.

ஆனால் வதந்தியைத் தடுக்க மறுப்பு அறிக்கை போதாது என்பதை 1935 முதல் வரலாறு சொல்கிறது. ரிவேராவின் படத்தை வெளியிட்டும் ஹார்லெமின் கோபம் தணியவில்லை, ஏனென்றால் அந்தக் கோபம் ரிவேராவைப் பற்றியது மட்டும் அல்ல. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015 முதல் 2024 வரை போலீஸ் துப்பாக்கியால் இறந்தவர்களைக் கணக்கெடுத்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர். மக்கள்தொகை விகிதப்படி கறுப்பினத்தவர் இறப்பது வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

மினியாபொலிஸ் போலீஸைச் சீர்திருத்த மத்திய நீதித்துறையும் நகரமும் 2025 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அரசு மாறியது. மே மாதத்தில் அதே நீதித்துறை அதைக் கைவிட, நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1936இல் ஓர் அறிக்கை மேயரின் மேசையில் உறங்கியது. 1968இல் இன்னோர் அறிக்கையை ஜனாதிபதி ஒதுக்கினார். இனி அடுத்த முறை ஏதோ ஒரு தெருவில் துப்பாக்கி வெடிக்கும்போது, அரசு சொல்வதை மக்கள் ஏன் நம்பவில்லை என்று யாராவது ஆச்சரியப்பட்டால், இந்த அறிக்கைகளை எடுத்து அவர் கையில் கொடுக்கலாம்.