சிறுநீரகப் புற்றுநோய் மருந்தும் ஆக்கவுரிமையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மருத்துவ வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் மரபொன்று உண்டு. கண்டுபிடிப்பின் சமூகத் தன்மையையும், அதன் பயனை வரையறுக்கும் வர்க்க எல்லைகளையும் அம்மரபு கருத்திற் கொள்வதில்லை. சிறுநீரகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

1869இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் குஸ்தாவ் சீமோன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், ஒரு பெண்ணின் சிறுநீரகமொன்றைத் திட்டமிட்டு அகற்றி, எஞ்சிய ஒன்றுடன் மனிதர் வாழலாம் என நிறுவினார். அவருக்கு இருந்தது புற்றுநோயன்று; எனினும் கட்டியுற்ற சிறுநீரகத்தை அகற்றுவதற்கு அதுவே வழி திறந்தது. ஆயின், உடலெங்கும் பரவிய நோயைக் கத்தியால் மட்டும் வெல்ல இயலவில்லை. வழமையான இரசாயன மருந்துகளுக்கும் அது பெரிதும் இணங்கவில்லை. 1992இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ரலூக்கின்-2 சிறு தொகையினருக்கே பயன் தந்தது.

வொன் ஹிப்பல்-லின்டௌ என்னும் பரம்பரை நோயுள்ள குடும்பங்களை ஆராய்ந்ததன் பயனாக, அந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகு 1993இல் இனங்காணப்பட்டது. இதில் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் முக்கிய பங்கு வகித்தது. சிறுநீரகப் புற்றுநோயின் மிகப் பரவலான வகையிலும் அவ்வலகு செயலிழந்திருத்தல் தெரியவந்தது. அதனால் புதிய குருதிக்குழாய்கள் பெருகிக் கட்டியைப் போஷிக்கின்றன. இவ்வறிவின் ஊற்றுக்கள் நோயாளரின் ஒத்துழைப்பும் பொதுமக்கள் பணமுமாகும். அக்குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கும் சொராபெனிப் 2005 டிசெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நோயை ஒழிக்கவில்லை. அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது.

அத்தாமதத்திற்கும் விலையொன்று இருந்தது. இந்தியாவில் ஆக்கவுரிமை பெற்றிருந்த பேயர் நிறுவனம், ஒரு மாதத்துக்குரிய மருந்தை ஏறத்தாழ 2,80,000 ரூபாவுக்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்திய ஆக்கவுரிமைக் கட்டுப்பாட்டாளர், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்கீழ், ஹைதராபாத்தின் நற்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவில் இத்தகைய உரிமம் வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. மாத விலை 8,880 ரூபாவாயிற்று. பேயரின் மேன்முறையீட்டை 2014 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

ஆய்வுச் செலவை மீட்க ஆக்கவுரிமை இன்றியமையாதது என்பது நிறுவனங்களின் வாதம். அச்செலவை முற்றாக மறுத்தல் பொருந்தாது. ஆனால், பலரின் உழைப்பிலும் உடலிலும் பிறந்த அறிவுக்குத் தனியொருவர் விலை விதிக்கும் உரிமையை அவ்வாதம் நியாயப்படுத்திவிடாது. 2015 முதல் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளும் இந்நோய்க்கு வந்துள்ளன. ஆய்வுகூடம் முன்னேறியுள்ளது, உடைமை உறவோ மாறவில்லை. புதிய சிகிச்சைக்கான தேடல் அவ்வுறவை மாற்றும் போராட்டத்தையும் உள்ளடக்கியதே.